சாயப்பட்டறை இருக்கா?

ஏழாம் தடப் பேருந்தில் முதலில் அவருடைய குரல் ஏறும், பிறகுதான் அவர் ஏறுவார் என்று பணிமனையில் சொல்வார்கள். அவருக்குப் பதிவான பெயர் ஒன்று உண்டு. சம்பளம் கொடுக்கும் குமாஸ்தாவைத் தவிர வேறு யாரும் அதை உச்சரித்ததாகத் தெரியவில்லை. வெண்கலத் தொண்டை என்று தொடங்கியது, வெண்கலம் என்று சுருங்கி, இளையவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவை ஒட்டவைத்ததில் வெண்கலக்கா என்று நிலைத்துவிட்டது.

வேலை கிடைத்த கதையும் தொண்டையால் வந்ததுதான். "பொம்பளைக் குரல் கூட்டத்துல எடுபடாதேம்மா" என்று அதிகாரி இழுத்தபோது, அவர் நின்ற இடத்திலிருந்தே சன்னல் வழியாகப் பார்த்து, முற்றத்தின் மறுகோடியில் டயர் மாற்றிக்கொண்டிருந்த இளைஞனுக்கு ஒரு சத்தம் கொடுத்தார்: "ஏய்யா, ஜாக்கி சரியுது, காலை எடு!" இளைஞன் காலை எடுத்தான், அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார், வேலை உறுதியாயிற்று. காலை எடுத்தவர்தான் பிற்பாடு அவருடைய வண்டிக்கே ஓட்டுநராக வாய்த்தார். வேகத்தின் காரணமாக அவருக்கு நத்தை என்று பெயர். ஜாக்கி உண்மையிலேயே சரிந்ததா என்பதில் இருவருக்கும் கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

தாயும் தகப்பனும் ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்துவிட, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு தம்பி அவர் கையில் மிஞ்சினான். செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் அடுப்பும் அவருடைய கட்டிலும்; மற்றொன்றில் தம்பியும், அவன் எங்கிருந்தோ பொறுக்கிவரும் நட்டு, போல்ட்டு, பல்சக்கரங்களும். கீழே சுத்தியல் தட்டும் ஓசைக்குப் பழகிப்போய், விடுமுறை நாளில் அது கேட்காத காரணத்தாலேயே இருவருக்கும் விழிப்பு வந்துவிடும். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவருக்கு அவன் 'அவன்'தான். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

ஏழாம் தடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நிறுத்தம் நெருங்கும்போது நடத்துநர் அதன் பெயரைச் சொல்லி "இருக்கா?" என்று கேட்பார். அங்கே இறங்குகிறவர் இருக்கிறாரா என்பது அதன் பொருள். இருந்தால் "இருக்கு" என்று ஒரு குரல் வரும், வண்டி நிற்கும். குரல் வராவிட்டால் மணிக்கயிற்றை இழுத்துவிடுவார். வண்டி தன்பாட்டுக்குப் போகும்.

"ஆஸ்பத்திரி இருக்கா?"

"இருக்கு."

"ரயிலடி இருக்கா?"

"இருக்கு, இருக்கு. பெட்டி இருக்கு, கொஞ்சம் நிதானமா நிறுத்தச் சொல்லு."

"கோர்ட்டு இருக்கா?"

"கோர்ட்டு இருக்கு, நியாயம்தான் இல்ல" என்பார், சொத்து வழக்குக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு கிழவர். தினமும் அதையேதான் சொல்வார். தினமும் வண்டி சிரிக்கும். அவர் வராத நாளில் வெண்கலக்காவே அந்தப் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார், நிறுத்தத்துக்கு மரியாதையாக.

கோர்ட்டுக்கு அடுத்தது சாயப்பட்டறை. ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் நாலைந்து தெருக்கள். நூலுக்கும் துணிக்கும் சாயம் ஏற்றும் குடும்பங்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசிய மொழி வேறு, கும்பிட்ட முறையும் வேறு. வெளியில் எல்லாரும் பேசுகிற மொழியைத்தான் பேசினார்கள். ஆனால் சொல்லின் வாலைக் கொஞ்சம் நீட்டுவார்கள். "சாயப்பட்டறை இருக்கா?" என்று அவர் குரல் கொடுத்தால் ஒரு குரலா வரும்? முன்னிருக்கையிலிருந்து பின்படி வரைக்கும் "இருக்கூ, இருக்கூ" என்று புறாக்கூட்டம் போலக் கிளம்பும். அவர்கள் இறங்கிய பிறகு பார்த்தால் கைப்பிடிக் கம்பிகளிலெல்லாம் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக விரல் பதிந்திருக்கும். மாலையில் வண்டி கழுவுகிறவர் வாளியைத் தரையில் மோதிச் சண்டைக்கு வருவார். "உன் ஆளுங்களை ஒரு நாளைக்குக் கையைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு!" என்பார். "கையைக் கட்டிட்டா டிக்கெட் எப்படி வாங்குவாங்க?" என்று வெண்கலக்கா கேட்பார். அத்துடன் அன்றைய சண்டை முடியும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு முழங்கைவரை அவுரிநீலம். அவளுக்கு நீலி என்று பெயர் வைத்தது வெண்கலக்காதான். அதற்காக அவள் கோபித்துக்கொண்டதாக நடித்த நாள்களும் உண்டு.

"என்னடி நீலி, இன்னைக்காவது கையைக் கழுவினியா?"

"கழுவினேனே. கை போகல, ஆறுதான் நீலமாப் போச்சு."

"அந்த ஆத்துத் தண்ணியைத்தான்டி நாங்க குடிக்கிறோம்."

"அதான் உனக்குக் குரல் இவ்வளவு அழுத்தமா வந்திருக்கு. நன்றி சொல்லு."

தன் தாய் இறந்து காரியமெல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குக் கிளம்பிய நாளில், நீலி நடத்துநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடமெல்லாம் மை பூசியது போல ஆயிற்று. "நல்ல பேரு வெச்சடி எனக்கு. மனசாற அழுதாக்கூட நீலிக்கண்ணீர்னு சொல்லிடுவாங்க" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். வெண்கலக்கா அன்றைக்கு அவளுக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் அவர் செய்த ஒரே முறைகேடு அதுதான் என்று சொல்லிக்கொள்வார்.

நீலியின் கணவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. சாய மூட்டைகளை ஏற்றி ஏற்றி அதன் தரையே வானவில்லாகிப்போயிருந்தது. இஞ்சின் சத்தம் கேட்டால் ஓடுகிற தம்பி, விடுமுறை நாள்களில் அந்தத் தெருவே கதியென்று கிடந்தான். முதலில் வேனைக் கழுவினான். அப்புறம் கியர் மாற்றினான். மீசை அரும்புவதற்குள் ஆற்றங்கரைச் சரிவில் தனியாக ஓட்டிக்காட்டினான். சாயங்காலம் பின்பக்கமெல்லாம் மஞ்சளாக வீட்டுக்கு வருவான். "எந்த இருக்கையில உக்காந்தேன்னு கேக்கவே வேணாம், எழுதியே கொண்டு வந்துட்டே" என்று அவர் சோப்பை எடுத்து நீட்டுவார். அந்த ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முதலில் வருவது வாசனைதான். ஈர நூல், கொதிக்கும் சாயம், பேருந்துச் சன்னலில் காய்ந்த வெயில். நல்ல காலம் என்று அப்போது யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வேலைக்குப் போனோம், வந்தோம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. யார் தொடங்கினார்கள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்ல, எதிரிக்கு உறவுக்காரர்கள் என்ற பேச்சு முதலில் டீக்கடையில் கிளம்பியது, அப்புறம் செய்தித்தாளில் வந்தது, கடைசியில் வண்டிக்குள்ளேயே ஏறிவிட்டது. கம்பியில் சாயம் பட்டிருந்தால் கைக்குட்டையால் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். சாயப்பட்டறை நிறுத்தத்தில் "இருக்கூ" என்ற குரல்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு "இருக்கு" என்று மெதுவாக வர ஆரம்பித்தன. தம்பியை ராணுவத்தில் எடுத்துக்கொண்டார்கள். வண்டி ஓட்டத் தெரியும் என்றதால் லாரி கொடுத்தார்கள்.

ஒரு கோடையில் சாயப்பட்டறைச் சாலை மூடப்பட்டது. மராமத்து வேலை என்று பலகை வைத்திருந்தார்கள். திறந்தபோது ஏழாம் தடத்துக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது: கோர்ட்டுக்குப் பிறகு நேரே மேம்பாலம், இடையில் நிறுத்தம் இல்லை. உத்தரவை வெண்கலக்கா வாசித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் கோர்ட்டைத் தாண்டியதும் வாய் பழைய வழியிலேயே போயிற்று.

"சாயப்பட்டறை இருக்கா?"

யாரும் பதில் சொல்லவில்லை. வண்டி நிறைய ஆள் இருந்தும் ஒரு செருமல்கூட இல்லை. அத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியில் இப்படி ஒரு பொருளும் ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சன்னலுக்கு வெளியே கதவில்லாத வீடுகள். கொடிகளில் துணி இல்லை. ஒரு தொட்டியில் சிவப்புச் சாயம் மட்டும் தேங்கி நின்றது. கடைசியில் யாரோ ஒருவர் ஆறுதல் சொல்வது போல, "போயிட்டாங்கம்மா" என்றார். நத்தை அன்றைக்கு வாழ்நாளிலேயே முதல்முறையாக வேகமாக ஓட்டினார்.

போயிட்டாங்க. ஊர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. ஊரைவிட்டுப் போனவருக்கும் அதுதான் சொல், உயிரைவிட்டுப் போனவருக்கும் அதுதான். எதைச் சொல்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எப்படிப் போனார்கள், எதில் ஏறிப் போனார்கள் என்று வெண்கலக்காவுக்குத் தெரியவந்தது தம்பி விடுப்பில் வந்தபோதுதான்.

பகல் வேளை. அவர் அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தம்பி கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"அவங்களை நான்தான் கொண்டுபோனேன் அக்கா. நாங்க நாலஞ்சு லாரி. முகாமுக்கு மாத்தறோம்னு சொன்னாங்க."

"எங்க?"

"மேம்பாலத்துக்கு அந்தாண்ட, பழைய கல்லுக்குழி. இறக்கிவிட்டுட்டு உடனே திரும்பணும்னு தளபதி உத்தரவு. அவரே அங்க நின்னாரு. ஒவ்வொரு நடைக்கும் லாரி காலியாத்தான் திரும்பிச்சு. யாரையும் திரும்ப ஏத்தல."

"உனக்குச் சத்தம் எதுவும் கேக்கலையாடா?"

"இஞ்சின் சத்தத்துல கேக்கலன்னு சொல்லிக்கிறேன்."

அவனே தொடர்ந்து சொன்னான்: "நீலியக்கா என் வண்டியிலதான் ஏறினாங்க. என்னைப் பாத்தாங்க. 'தம்பி, மெதுவா ஓட்டு, பின்னாடி வயசானவங்க நிக்கிறாங்க'ன்னு சொன்னாங்க. நான் மெதுவாத்தான் ஓட்டினேன் அக்கா."

அவர் உரித்துக்கொண்டே இருந்தார். அவன் வெளியே போன பிறகுதான், தோலைப் பாத்திரத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டிருப்பதைக் கவனித்தார். அந்தப் பேச்சை அதற்கப்புறம் இருவருமே எடுக்கவில்லை. எடுக்காமலேயே தம்பிக்கு மணமானது, மகள் பிறந்தாள், நகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. நீலி கடைசியாகச் சொன்ன வார்த்தை உலகத்தில் இரண்டே பேரிடம் இருந்தது. அந்த இரண்டு பேரும் வாரம் தவறாமல் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

தளபதியைத் தூரதேசத்து நீதிமன்றம் ஒன்று விசாரித்துச் சிறைக்கு அனுப்பியது. உள்ளூரில் அதை ஒரு காய்ச்சலைப் போலச் சொன்னார்கள்: பாவம், மனுஷனுக்கு இப்படி ஒரு கஷ்டம். தண்டனை முடிந்து அவர் திரும்பியபோது விமான நிலையத்தில் நிற்க இடமில்லை. பிறகு அவர் முகம் சுவர்களில் வந்தது, டீக்குவளைகளில் வந்தது, குழந்தைகளின் பனியன்களில் வந்தது. பள்ளிப் பாடத்தில் ஆற்றங்கரையில் ஆளில்லாக் கொட்டகைகள் மட்டுமே இருந்ததாக எழுதினார்கள். அங்கே குடும்பங்கள் இருந்தன என்று சொன்னவர்களைக் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் என்றார்கள். கடைசியில் அந்தச் சரிவையே சமப்படுத்தி, புல் வளர்த்து, சிலை வைக்கப் பீடம் கட்டி, தளபதி திடல் என்று பெயரும் வைத்தார்கள். ஏழாம் தடத்துக்கு நிறுத்தம் திரும்பக் கிடைத்தது.

வெண்கலக்கா அந்தப் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. கோர்ட்டைத் தாண்டியதும் "அடுத்தது இருக்கா?" என்பார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். கிழவிக்குப் புதுப் பெயர் வாயில் நுழையவில்லை என்று விட்டுவிட்டார்கள். தானும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் அவர் இருந்தார்.

சிலை திறக்கும் நாள் குறித்தபோது, தளபதியின் படைப்பிரிவில் லாரி ஓட்டியவர்களுக்கும் மேடையில் பதக்கம் என்று அறிவித்தார்கள். தம்பி இரண்டு வார்த்தை பேச வேண்டும். பேச்சை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டு வெண்கலக்கா போனபோது, தம்பி மனைவி புதுக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி! உங்க தம்பி இனிமே பெரிய மனுஷன். பேசணும்னா முன்கூட்டியே சொல்லிட்டு வரணும்" என்று சிரித்தாள். டீ போட உள்ளே போனாள்.

"என்ன எழுதிக் கொடுத்திருக்காங்க?" என்று கேட்டார்.

தம்பி தலையைத் தூக்காமல் சொன்னான்: "நாங்க போனப்ப அங்க யாரும் இல்ல. காலி இடத்தைத்தான் காவல் காத்தோம். அவ்வளவுதான், ரெண்டு வரி."

"நீ இதைச் சொல்லப்போறியா?"

"ஊரே சொல்லுதே அக்கா. நான் ஒருத்தன் சொல்லாம விட்டா அவங்க எழுந்து வந்துடுவாங்களா? சொல்லலைன்னா என் வேலை போகும். உன் மருமகளுக்கு நகராட்சியில இடம் தரேன்னு சொல்லியிருக்காங்க, அது போகும். உனக்கென்ன, தனி ஆளு."

"ஆமாண்டா. உன்னை வளத்த நேரம் போக மிச்ச நேரத்துல தனி ஆளுதான்."

"அதை இழுக்காதே."

"இழுக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ சொன்னதை நான் ஒருத்திதான் கேட்டிருக்கேன். நீ அங்க ஏறி யாரும் இல்லைன்னு சொல்லிட்டா, அப்ப நான் கேட்டது என்னடா? அந்த அடுப்படியில யாரு யாரைப் பத்திச் சொன்னது?"

தம்பிக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கோபம் வரும். மேசையில் கிடந்த செய்தித்தாளைத் தட்டினான். "இதுலயே போட்டிருக்கான் பாரு, படிச்சவன் எழுதினது. வெளிநாட்டுல உக்காந்துகிட்டு அழறவங்க எல்லாரும் வடிக்கிறது நீலிக்…"

வாய் பாதியில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து சன்னலருகே போய் முதுகைக் காட்டி நின்றான். அவன் காதுமடல் சிவந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. வெண்கலக்கா டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். "என்ன அண்ணி, சண்டையா?" என்ற குரல் படிவரை வந்தது. தம்பியைத் தன்னிடமிருந்து அந்தச் சிலை கொண்டுபோய்விடும் என்று நடந்துகொண்டே நினைத்தார். அவனும் போய்விட்டால் நீலிக்குத் தானும் சாட்சி இல்லை; கேட்டதைச் சொல்லலாம், கேட்டவள் சொல்வதை யார் மதிப்பார்கள்?

விழா நாளில் திடலைச் சுற்றி வேறு வண்டிகளை விடவில்லை. ஏழாம் தடம் மட்டும்தான். தம்பி மனைவியும் மகளும் நல்ல இடம் பிடிக்க முன்பே போய்விட்டார்கள். தம்பி ரயிலடியில் தனியாக ஏறினான். புதுக் கோட்டு, வாரிய தலை. அக்காவைப் பார்க்காமல் சில்லறையை நீட்டினான்.

"எங்க?" என்று கேட்டார் அவர், எல்லாரிடமும் கேட்பது போல.

"உனக்குத் தெரியாதா?"

"பேரு சொன்னாத்தான் டிக்கெட்."

அவன் சொல்லவில்லை. முன்னாலிருந்த ஒருவர், "அட, எல்லாருக்கும் ஒரே இடம்தாம்மா, திடலுக்குக் கிழி" என்றார். அவர் கிழித்துக் கொடுத்தார்.

வண்டி பிதுங்கியது. சட்டையில் தளபதியின் முகத்தைக் குத்தியவர்கள், கொடி வைத்தவர்கள், தோளில் குழந்தை வைத்தவர்கள். ரயிலடி இருந்தது, கோர்ட்டு இருந்தது. கோர்ட்டைத் தாண்டியதும் அவர் மணிக்கயிற்றில் கையை வைத்தார். திட்டமிட்டுச் செய்தாரா என்று பிற்பாடு பலரும் கேட்டதுண்டு. இல்லை, வாய் முந்திக்கொண்டது என்றே அவர் சொன்னார்.

"சாயப்பட்டறை இருக்கா?"

வெண்கலத் தொண்டை சற்றும் மங்கியிருக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பின்பக்கம்கூட நின்றுபோனது.

"அப்படி ஒரு இடமே கிடையாதும்மா" என்றார் ஒருவர்.

"வயசாச்சு, விடுங்க."

"வயசு இல்லய்யா, கொழுப்பு. நம்பரைக் குறிச்சுக்கோ."

"சாயப்பட்டறை இருக்கா?" என்று மறுபடியும் கேட்டார். முதல் தடவை கேட்டது வாய். இரண்டாம் தடவை கேட்டது வாய் அல்ல என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்கும்போது கூட்டத்தைப் பார்க்கவில்லை, முன்னிருக்கையில் இருந்த புதுக் கோட்டின் தோளைப் பார்த்தார். அந்தத் தோள் அசையவில்லை.

நத்தை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார். கூட்டம் திட்டிக்கொண்டே இறங்கியது. ஒரு பெண் அவர் காதருகே குனிந்து, "உங்க வீட்டுல யாரும் சண்டைக்குப் போகலபோல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வாத்தியங்கள், ஒலிபெருக்கி, துணி மூடிய பெரிய உருவம். வண்டி காலியாயிற்று. முன்னிருக்கையில் தம்பி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

நத்தை கண்ணாடியில் பார்த்தார். "இறங்கலையா?"

ஒலிபெருக்கியில் ஓட்டுநர்களை மேடைக்கு அழைத்தார்கள். ஒவ்வொரு பெயராக வந்தது. தம்பியின் பெயரும் வந்தது. அவன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, சாலையைப் பார்த்தபடி இருந்தான், ஏதோ வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல. பெயரை மறுபடி அழைத்தார்கள்.

"வெண்கலம், கயிறு உன் கையிலதான் இருக்கு" என்றார் நத்தை.

அவர் இழுத்தார்.

கடைசி நிறுத்தத்தில் நத்தை இறங்கி, டீ வாங்கப் போகிறேன் என்று வேண்டுமென்றே தூரத்துக் கடைக்கு நடந்தார். தம்பி கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது அதுவரைக்கும்தான் செல்லும்."

"தெரியும். பரிசோதகர் வந்தா உன்னைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் திசைமாறி வேறு ஏதோவாக ஆயிற்று. அக்கா எதிர் இருக்கையில் உட்கார்ந்து அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். வேனில் கழுவக் கழுவப் போகாத கறைகளைப் பற்றி, ஆற்றங்கரைச் சரிவில் அவன் முதன்முதலாக பிரேக்கை மறந்த நாளைப் பற்றி, நீலியின் கணவர் பின்னாலேயே "அடேய், அது என் வாழ்வாதாரம்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்ததைப் பற்றிப் பேசினார்கள். அத்தனை ஆண்டுகளாக அந்த நல்ல நாள்களைக்கூடப் பேச முடியாமல் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. ஒன்றை மூடினால் எல்லாமே உள்ளே போய்விடுகிறது.

"அவ வேலை?" என்று மகளைப் பற்றி அவனே கேட்டுக்கொண்டான்.

"போகும்."

"வீட்டுல?"

"இன்னைக்கு உனக்குச் சாப்பாடு கிடைக்காது. என் வீட்டுக்கு வா."

மறுநாள் காலையிலேயே பணிமனையிலிருந்து ஆள் வந்தது: விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். பிரிவுபசாரக் கூட்டம் ரத்து. அதே மாதம் ஓய்வு பெறவிருந்த நத்தையும் தன் கூட்டத்தை வேண்டாமென்றாராம். வயிறு சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "நல்லதாப் போச்சு. எனக்கு இன்னைக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லி வெண்கலக்கா ஆளை அனுப்பிவைத்தார். தம்பி ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு படியில் நின்றான். "இடத்தைக் காட்டறேன் அக்கா. வழி எனக்குத்தான் தெரியும்" என்று முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பின் சொல்லியிருந்தான்.

மேம்பாலத்துக்கு அப்பால் பேருந்து இல்லை, நடந்தார்கள். லாரிகள் போன மண்பாதையில் புல் மண்டியிருந்தது. ஆனால் தம்பி எந்தத் திருப்பத்திலும் தயங்கவில்லை. கல்லுக்குழி இப்போது ஏரியாகியிருந்தது. தெளிந்த, பச்சை கலந்த தண்ணீர். கரையில் விரிப்பைப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஒரு சின்னப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்து, பாதம் நனைய நின்றாள். பார்க்க அழகான இடம். வெண்கலக்காவுக்கு அதுதான் முதலில் தாங்கவில்லை.

தம்பி ஒரு மேட்டில் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தினான். அக்கா கேட்கவில்லை. கேட்டு வாங்கிய சொல் இனி வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

விரிப்பில் இருந்த ஆள் எழுந்து வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "அண்ணே, இந்தப் பக்கத்து ஆளா? தண்ணி ஆழமா? குழந்தை இறங்கணும்னு அடம்பிடிக்குது."

"ஆழம்" என்றான் தம்பி. "இறக்காதீங்க. கீழ ஆளுங்க இருக்காங்க."

அந்த ஆள் பதறிப்போய்த் தண்ணீரைப் பார்த்தார். "யாரு? யாராவது முழுகிட்டாங்களா?"

"இல்ல. சாயப்பட்டறைக்காரங்க. முழுகல. நான்தான் கொண்டுவந்தேன், லாரியில. அதோ, அந்த இடத்துலதான் இறக்கிவிட்டேன்."

அந்த ஆள் தம்பியையும் அவனுக்குப் பின்னால் நின்ற வெண்கலக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாட்டோ, கிறுக்கோ என்று தேடுகிற பார்வை. "அதெல்லாம் பொய்னு சொல்றாங்களே அண்ணே. அங்க யாருமே இல்லன்னு…"

"சொல்றாங்க. நேத்து நானும் சொல்லியிருப்பேன். பேச்சு பையிலயே இருக்கு, பாக்கறீங்களா?"

அவர் பார்க்கவில்லை. திரும்பி மகளைக் கூப்பிட்டார்; அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையேறினாள். அவருடைய மனைவி சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கினாள். அவரும் போய்விடுவார் என்றுதான் வெண்கலக்கா நினைத்தார். பாதி தூரம் போனவர் நின்றார். மனைவியிடம் ஏதோ சொன்னார். பிறகு தனியாகத் திரும்பி வந்து, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மா சின்ன வயசுல அங்க நூல் வாங்கப் போவாங்கன்னு சொல்லுவாங்க. நான் நம்பல. யாரெல்லாம் இருந்தாங்க?"

தம்பி புல்லில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான்.

"உக்காருங்க. கொஞ்சம் நேரமாகும்."